காத்து மிஷின்

கடல்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருப்பவன் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வெளியூர் போக முடியாது. மாடு வைத்திருப்பவனுக்கும் இதே பாடுதான் என்றாலும், மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம். தொட்டியை யாரிடம் சொல்வது? எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் அதை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் சார். போன செவ்வாய்க்கிழமை என் மாமனார் மதார் மூச்சு முட்டி மவுத்தானது பற்றித்தான் உங்களுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தொட்டியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் ஆசிப். சார்ஜாவில் பதினோரு வருஷம் பங்களாக்களில் மீன்தொட்டி பராமரிக்கும் வேலை பார்த்தேன். ஊர் திரும்பியதும் எங்கள் ஹாலிலேயே ஆறடியில் ஒரு தொட்டி கட்டினேன். "கடலையே தூக்கிட்டு வந்துட்டாரு சார்ஜாக்காரரு. கப்பல் எப்பங்க வருது?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தொட்டிக்கான உப்பு சென்னையிலிருந்து பார்சலில் வரும். பெரம்பலூர் போய் எடுத்து வந்து, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, உப்பும் சூடும் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பவளம் ஒன்று விரல் அகலம் வளர ஒரு வருஷம் ஆகும். எங்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் விளக்கைப் போட்டதும் அந்தப் பவளங்கள் மெல்ல விரிவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அதை என் மனைவி நஜ்முன்னிசாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன வருஷம் அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், எங்களோடு வந்து தங்கினார். நுரையீரல் போய்விட்டது, நாள் முழுக்க ஆக்சிஜன் மிஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காற்றோட்டமான இடம் ஹால்தான் என்பதால் தொட்டிக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். அவர் மூக்குக்கு ஒரு குழாய், என் தொட்டிக்கு ஒரு குழாய். வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், காத்து மிஷின். இன்வெர்ட்டர் லைன் ஹாலில் ஒரு பிளக்குக்கு மட்டும்தான் உண்டு. அதை மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, கரண்ட் போனால் சமாளிக்கத் தொட்டிக்குச் சின்னதாக ஒரு பேட்டரி பம்ப் வாங்கி வைத்தேன். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்த மூன்றாம் மாதம் இறால்கள் செத்தன. கண்ணாடிபோல் இருக்கும் சின்ன இறால்கள், மீனின் வாய்க்குள் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வரும். பிறகு நத்தைகள். பிறகு பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, சதை உரிந்து, வெறும் எலும்பாக நின்றன. நான் பாத்ரூமில் போய் அழுதேன். உப்பு சரி, சூடு சரி, விளக்கு சரி. கடைசியில் தண்ணீரைச் சோதிக்கும் மருந்துப்பெட்டியை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. தண்ணீரில் செம்பு கலந்திருந்தது.

மனிதனுக்கு நல்லது என்று நாம் குடிக்கிற அந்தச் செம்புச்சத்து, கொஞ்சம் சேர்ந்தாலும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். தானாகப் போகவும் போகாது, பாறைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாதித் தண்ணீரை மாற்றினேன். குறைந்தது. பத்தே நாளில் மறுபடி ஏறியது. அப்படியென்றால் யாரோ ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் செம்பால் ஆன பொருள் ஒன்றே ஒன்றுதான். மாமாவின் தலைமாட்டில், தட்டு போட்டு மூடி, ராத்திரி நிரப்பி வைக்கிற தண்ணீர்ச் செம்பு.

அதை எடுத்து உள்ளே வைக்கப் போனபோது நஜ்முன்னிசா தடுத்தாள். "அது அத்தா ஓதி ஊதுற தண்ணிங்க. தொடாதீங்க, மனசு சங்கடப்படுவாரு." நான் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மாமனாரிடம் நேரில் போய் 'நீங்களா ஊற்றினீர்கள்?' என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. மரியாதை தெரிந்தவன் என்று அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால் ஒரு பழைய செல்போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். அன்று மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருந்ததால் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். நஜ்முன்னிசா குளிக்கப் போன நேரம், மாமா மூக்குக் குழாயோடு எழுந்து வருகிறார். தொட்டி மூடியைத் தூக்குகிறார். உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. செம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார். உயிருள்ள மீனைக் கண்ணாடிக்குள் அடைத்தால் வீட்டில் பரக்கத் இருக்காது, அருள் தங்காது என்று வந்த புதிதில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. சபிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய், "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டேன். "ஆச்சு மாப்புள" என்றார்.

அதன் பிறகு மூன்று வாரம் கவனித்தேன். ஒருநாள்கூட அவர் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பெரம்பலூரில் நஜ்முன்னிசாவின் சிநேகிதி வீட்டு நிக்காஹ். அத்தாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினாள். நான் இருக்கிறேனே என்றேன். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றேன். எட்டரை பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான்.

என் பேட்டரி பம்ப் நாலு மணி நேரம்தான் தாங்கும். எட்டு மணி நேரத்தை அதை வைத்து எப்படி ஓட்டுவது? யோசித்துப் பாருங்கள், இது சாதாரணக் கணக்கு. ஒன்பதுக்கு முன்னால் மாமாவின் மிஷினைப் பிடுங்கி சுவரில் இருந்த சாதா பிளக்கில் போட்டேன். தொட்டியை இன்வெர்ட்டர் பிளக்கில் போட்டேன். கொஞ்ச நேரம் மிஷின் இல்லாவிட்டாலும் தாங்குவார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது அடித்ததும் கரண்ட் போனது. மிஷின் பீப், பீப் என்று கத்தியது. அது கத்தி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மாமா குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "மாப்புள... மிஷினு..." என்றார்.

"ஓடுதுங்க மாமா" என்றேன். தொட்டியைக் காட்டினேன். குமிழிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

அவர் என்னைத்தான் பார்த்தார், தொட்டியைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்பதே முக்காலுக்கு நஜ்முன்னிசா போன் செய்தாள். "என்னங்க, கரண்ட் போயிருச்சா? காத்து மிஷின் ஓடுதுல்ல?"

"ஓடுது" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை.

பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிளக்குகளைப் பழையபடி மாற்றிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். அடக்கம் அன்று மாலையே நடந்தது. சந்தூக்குப் பெட்டியை முன்னால் தூக்கியவன் நான். மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி கேட்டாள். "எந்த மிஷின சொன்னீங்க?" நான் எழுந்து போய்த் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். மறுநாள் அலமாரியில் இருந்த பழைய போனைக் காணவில்லை. அது உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது.

நேற்று அந்த வீடியோக்களைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினீர்கள். "யா அல்லா, என் மாப்புள புள்ள மாதிரி வளக்குறாரு. ஒண்ணொண்ணா சாவுது. மிச்சம் இருக்கிறதையாச்சும் அவருக்குக் காப்பாத்திக் குடு." இப்படித்தான் கேட்கிறது என்று நீங்களும் சொன்னீர்கள், கான்ஸ்டபிளும் சொன்னார். எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை. பம்ப் சத்தம் அதிகமாக இருந்தது. சரி, நீங்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும். ஓதி ஊற்றினாலும் செம்பு செம்புதானே சார்.

நான் அவரைக் கொல்லவில்லை. ஒரு பிளக், இரண்டு பக்கமும் உயிர். யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது, வீட்டில் நான்தான் இருந்தேன்.

தொட்டியில் அன்றைக்கு எத்தனை மீன் இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். கடைசியாக மிஞ்சியிருந்தது ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு மீன். அது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு நான் வருவதற்குள் செத்துவிட்டது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். செவ்வாய்க்கிழமை தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

அதற்கும் காற்று ஓட வேண்டும் சார்.