மூணாவது கோப்பை

— அந்தக் கோப்பையை டிவி மேல வைக்காதே. எடு.

— ஏம்மா? மத்த ரெண்டும் அங்கதானே இருக்கு?

— அதையும் சேர்த்து எடு. கட்டிலுக்கு அடியில போடு. என் கண்ணுல படக் கூடாது.

— நாடு முழுக்க நடந்த அறிவியல் போட்டிம்மா. அத்தனை பேர்ல எனக்கு முதல் பரிசு. தோள்ல மாட்டின பையைக்கூட இன்னும் இறக்கல. நல்லா பண்ணினேடின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?

— சொல்றேன் தாயே. ரொம்ப நல்லா பண்ணின. நீ போட்டிக்குக் கிளம்பின மறுநாளே எங்க தையல் கம்பெனியில ஒவ்வொரு மெஷினுக்கும் மேல ஒரு கேமராவை மாட்டிட்டாங்க. கை வேகமா போனா பச்சை விளக்கு, கொஞ்சம் தளர்ந்தா சிவப்பு. செஞ்சது யார் பொண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷமா பக்கத்து மெஷின்ல உட்கார்ற அக்கா, என் முகத்தைப் பார்க்காம திரும்பி உட்கார்ந்து சாப்பிடுறா.

— நான் செஞ்சது அது இல்லம்மா. முதுகு வலிக்குதுன்னு சுவத்துல சாய்ஞ்சு உட்காருவியே, அதைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். தைக்கிறவங்க ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தா, எந்திரிச்சு கொஞ்சம் நடன்னு சொல்ற புரோகிராம். ஒம்பதாவதுல அதுக்குத்தானே முதல் கோப்பை குடுத்தாங்க?

— அப்புறம் வேகம் எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுதா?

— ரெண்டாவது போட்டியில நடுவர் சொன்னார், கை வேகத்தையும் அளந்தா பிரமாதமா இருக்கும்னு. சேர்த்தேன். ஜெயிச்சேன்.

— அந்த நடுவர் யாரு? வாயைத் திறந்து சொல்லு.

— உங்க முதலாளி.

— அவர் கேட்டதும் அப்படியே தூக்கிக் குடுத்துட்ட.

— பெருமையா இருந்துச்சும்மா. என் புரோகிராம் நிஜமான கம்பெனியில ஓடப் போகுதேன்னு. உங்களுக்கெல்லாம் நல்லதுன்னுதான் நினைச்சேன்.

— நல்லதுதான். முதுகைப் பத்தினதை எல்லாம் தூக்கி எறிஞ்சிட்டு வேகத்தை மட்டும் வச்சிக்கிட்டார் மனுஷன். தண்ணி குடிக்க எந்திரிச்சா சிவப்பு. மூக்கைச் சிந்தினா சிவப்பு.

— அப்போ அவரைப் போய்த் திட்டு. என் மேல ஏன் எரிஞ்சு விழுற? நான் எதுல ஜெயிச்சாலும் உனக்குப் பிடிக்காது. எப்பவுமே அப்படித்தான்.

— எனக்கா பிடிக்காது? உன் ரெண்டாவது போட்டிக்கு முன்னாடி, இதே கூடத்துல, நான் தைக்கிறதை நீ படம் பிடிக்கல? 'இன்னும் வேகமா தைம்மா, பார்க்கிறவங்க அசந்து போகணும்'னு நீ சொல்லல? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தைச்சேன்டி. மறுநாள் மணிக்கட்டு வீங்கி, தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியல. உன்கிட்ட சொன்னேனா?

— சொல்லல. அந்தப் படத்தை வச்சுத்தான் நல்ல வேகம்னா என்னன்னு புரோகிராமுக்குக் கத்துக் குடுத்தேன். உங்க முதலாளி அதை மாத்திக்குவார்னு நினைச்சேன்.

— அவர் எதுக்கு மாத்துறார்? ஒருத்தி தைச்சுக் காட்டின வேகம்தான் இது, அதுக்குக் குறைஞ்சா சிவப்புன்னு சொல்லிட்டார். எந்தப் பேய் இப்படித் தைச்சுதுன்னு எல்லாரும் வயிறெரிஞ்சு கேட்கிறாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

— சரி, அது உன் கைதானேம்மா. யாருக்குச் சிவப்பு எரிஞ்சாலும் உனக்குப் பச்சைதானே எரியணும்? நீ ஏன் இந்தக் குதி குதிக்கிற?

— அந்த வேகம் எனக்கே ஒரு நாள்தாண்டி இருந்துச்சு, அதுவும் உனக்காக. சிவப்பாவே எரியுதுன்னு இன்னைக்கு மத்தியானம் முதல்ல வேலையை விட்டு வீட்டுக்குப் போகச் சொன்னது என்னைத்தான்.