சிவப்புத் தரை

சீமெந்துத் தரைக்கு அவசரம் ஆகாது, தம்பி. பூசி முடித்த அன்று அதன் மேல் பூனைகூட நடக்கக் கூடாது. மறுநாளிலிருந்து ஏழு நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள்தான் அது தன் முழுப் பலத்துக்கு வரும். நான் இருபத்தாறு வருடம் ஓவசியராக வேலை பார்த்தவன். மதகும் வாய்க்காலும் சின்னப் பாலங்களுமாக எத்தனையோ கட்டுவித்திருக்கிறேன். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு மேசனுக்கு விளங்கப்படுத்துவதைவிட எருமைக்கு விளங்கப்படுத்துவது சுலபம்.

உங்களைக் குசினியில் அடுப்பருகே இருத்தியிருக்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வாவியைக் கடந்து, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பீரங்கிச் செல்லடியில் சேதமான வீடுகளைப் பதிய வந்திருக்கிறீர்கள். படிவத்தில் முதற் பக்கத்திலேயே இரண்டு வெட்டுத் திருத்தம். எங்கள் காலத்தில் அப்படி ஒரு படிவத்தைப் பெரியவரின் மேசையில் வைக்க முடியாது. போகட்டும். மாசி மாதத்துச் செல்லடியில் இந்த வீட்டுக்கு என்ன சேதம் என்று கேட்டீர்கள். ஒழுங்காகச் சொல்வதானால் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரையில் பதுங்கப் பங்கர் வெட்ட முடியாது. இந்த ஊரில் இரண்டு முழம் தோண்டினால் வாவித் தண்ணீர் ஊறி வந்துவிடும். சண்டை தொடங்கிய புதிதில் ஆளுக்கொரு குழி வெட்டினார்கள். நான் சொன்னேன், கேட்கவில்லை. பிறகு அந்தக் குழிகளில் தவளைகள் குடியிருந்தன. இந்த ஒழுங்கையிலுள்ள வீடுகளில் கொங்கிறீற் தட்டுப் போட்ட கூரை இந்த வீட்டுக்கு மட்டும்தான். மண்டபத்துக்கும் பக்கத்திலுள்ள சின்னறைக்கும் மேலே ஐந்து அங்குலக் கனத்தில் தட்டு. குசினியும் முன் விறாந்தையும் வெறும் ஓடு. செல் விழத் தொடங்கினால் எல்லாரும் இங்கேதான் ஓடி வருவார்கள்.

தட்டைப் போட்டவர் என் மாமனார். வீடு என் மனைவி அன்னப்பூரணியுடையது. இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறிக்கொள்வான். நானும் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் சுவர் பூசியது, யன்னல் மாற்றியது, கிணற்றுக்குக் கட்டுக் கட்டியது எல்லாம் நான். முப்பத்திரண்டு வருடம் கழித்தும் ஊர் இதை அன்னத்தின் வீடு என்றுதான் சொல்லும்.

அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிடுவாள். வயல் வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு வருவார்கள். வெற்றிலை துப்புவார்கள், பானையை உருட்டுவார்கள், பிள்ளைகளை மூலையில் இருத்திவிடுவார்கள். செல்லடி நின்ற பிறகும் போக மனம் வராமல் என் மண்டபத்தில் இருந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஆறு வருடம் அப்படிப் போனது. மாமனார் காலத்துத் தரை பெயர்ந்து, குழி விழுந்து, மாட்டுப் பட்டி மாதிரி ஆகிவிட்டது. வீட்டைத் திருத்துவது என்றால் சுவரையும் கூரையையும் பார்ப்பார்கள். வீட்டின் மானம் தரையில் இருக்கிறது என்பது இந்தச் சனத்துக்குத் தெரியாது.

தரையைக் கிண்டி எறிந்துவிட்டு, சிவப்புச் சாயம் போட்டு, முகம் தெரியும்படி மினுக்கிய தரை ஒன்று போடுவதென்று முடிவெடுத்தேன். சீமெந்துக்குத் தடை. ஆமிக்காரர் ஒரு பைகூட இந்தக் கரைக்கு வர விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோணாமலை தன் மாட்டு வண்டியில் தவிட்டு மூட்டைகளுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்தான். பதினொரு மாதத்தில் ஒன்பது பை. பிடிபட்டிருந்தால் அவனை உரித்திருப்பார்கள். முற்றாகப் பிரயோசனமில்லாத மனிதன் என்று அவனைச் சொல்லமாட்டேன்.

ஒரு தடவை அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். "ஐயா, உங்கட விறாந்தைக்கும் ஒரு தட்டுப் போட்டா என்ன? சனம் கூடினா உள்ளுக்கு இடம் காணாதே."

அவன் கொண்டுவந்த சீமெந்தில் எதைக் கட்டுவதென்று எனக்கு யோசனை சொல்கிறான்.

மேசன் நல்லரத்தினம். முழங்காலில் நின்று கரண்டி பிடிக்கும்போது அவன் கை பரவாயில்லை, வாய்தான் மோசம். மாசி மாதம், அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் சின்னறைக்கு வந்த கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மினுக்கு வேலை முடிந்தது. அப்படி ஒரு தரையை இந்தக் கரையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நல்லரத்தினம் காசை வாங்கிக்கொண்டு, "ஐயா, இண்டைக்கு ஒருத்தரையும் மிதிக்க விடாதீங்க. ஒரு அடி விழுந்தாலும் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது," என்றான். அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் சரி.

முன் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அடுப்புச் சாம்பல் பறந்து ஈரத் தரையில் ஒட்டும் என்பதால் அன்று குசினியில் சமைக்க வேண்டாம் என்றேன். அன்னப்பூரணி கோணாமலை வீட்டுக்குப் போய், அவன் மனைவி ஆச்சிப்பிள்ளை, மகள் கண்ணகையோடு சேர்ந்து சமைத்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்குச் சோறு கொண்டுவந்து தந்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே போனாள். நான் குசினிக் கதவையும் உள்ளே பூட்டிக்கொண்டு, குசினியை ஒட்டிய சின்னறையில் ஒரு பலகையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பல்லி விழுந்தால்கூட எடுக்க வேண்டும் அல்லவா.

இரண்டு மணியளவில் செல்லடி தொடங்கியது. முதல் இரண்டும் வாவிக்குள். மூன்றாவது வட்டைக்குள் விழுந்தது. சத்தத்தை வைத்துத் தூரம் சொல்ல இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் குசினிக் கதவுக்குத்தான் வந்தாள். நான் உள்ளே இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பலமாகத் தட்டவில்லை, விரலால்தான் தட்டினாள்.

"இஞ்சேருங்க, கதவத் திறங்க. கோணாமலை அண்ணனும் ஆச்சிப்பிள்ளையும் பிள்ளை கண்ணகையும் முன்னுக்கு நிக்காங்க. நாலே நாலு பேர்தான். உங்கட தரைய மிதிக்க மாட்டம். சின்னறைக்குள்ள நிப்பம்."

நியாயமான பேச்சுத்தான். சின்னறை பத்தடிக்கு எட்டடி. மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கினால் ஆறு பேர் தாராளமாக நிற்கலாம், அதையும் பார்த்தேன். ஆனால் இந்தச் சனத்தை எனக்குத் தெரியும். சின்னறையில் நில் என்றால் நிற்கமாட்டார்கள். இன்னொரு செல் விழுந்தால் பதறி உள்ளே ஓடுவார்கள். நாலு பேரைப் பார்த்துப் பின்னால் நாற்பது பேர் வருவார்கள். அன்னப்பூரணி வாருங்கள் வாருங்கள் என்பாள், ஏனென்றால் அவளுடைய வீடு. நான் பேசாமல் இருந்தேன். பேசினால் வாதம் வரும்.

அவள் இரண்டாம் தரமும் தட்டினாள். "நான் நிக்கிறன் வெளிய. அவங்கள மட்டுமாவது எடுங்க," என்றாள். பிறகு சத்தமில்லை. முன் பக்கம் போய்விட்டாள்.

முன் கதவுக்கு வெளியே அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோணாமலை கேட்டான். "ஐயா உள்ளுக்கு இல்லையா புள்ள?"

"அவர் வட்டைக்குப் போயிட்டார் அண்ணன். கதவுத் திறப்பும் அவரிட்டத்தான். சுவரோட ஒட்டி இருங்க."

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிச் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேனா? அந்தப் பழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

அடுத்த செல் முற்றத்தில் விழுந்தது.

தட்டு அசையவில்லை. மாமனார் மற்ற விஷயங்களில் முட்டாளாக இருந்தாலும் கம்பி சரியாகத்தான் போட்டிருக்கிறார். விறாந்தையின் ஓடு முழுவதும் கொட்டியது. நான் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு குசினிக் கதவைத் திறந்து வெளியே பூட்டிக்கொண்டு, பின் வேலியால் வட்டைக்கு இறங்கி, வரம்பால் சுற்றி முன் வேலிப் படலைக்கு வந்தேன். காலில் சேறு இருந்தது. படலையிலிருந்து ஓடித்தான் வந்தேன். ஓட வேண்டிய இடத்தில் ஓடத்தானே வேண்டும்.

மூன்று பெண்களும் முடிந்திருந்தார்கள். அன்னப்பூரணி கண்ணகைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தாள். அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை. கோணாமலைக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவனுக்கு நினைவு இருந்தது. என்னைக் கண்டதும், "ஐயா, அன்னத்தைப் பாருங்க, அன்னத்தைப் பாருங்க," என்றான். தன் மகளைப் பார் என்று சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அவன் இப்போது ஊன்றுகோலோடு நாளாந்தம் வந்து படலையில் நிற்கிறான். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வருகிறான். நேற்றும் சொன்னான். "நீங்க உள்ளுக்கு இருந்திருந்தா இந்தக் கதவு பூட்டி இருந்திருக்குமா ஐயா? நம்மட விதி." கண்ணைத் துடைத்துவிட்டுப் போனான். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றக்கூடச் சிரமப்பட வேண்டியதில்லை. உள்ளே மட்டும் நான் அவனை விடுவதில்லை. ஊன்றுகோல் நுனி தரையைக் கீறிவிடும்.

உங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். பேனாவும் நின்றுவிட்டது. உங்கள் படிவத்தில் ஏழாம் இலக்கம், 'சம்பவ நேரத்தில் வீட்டினுள் இருந்தோர்' என்று கேட்கிறது. மற்ற வீடுகளில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள், நீங்களும் எழுதியிருப்பீர்கள். நான் அரசாங்கப் படிவத்தில் ஒருநாளும் பொய் எழுதியவனில்லை. ஒருவர் என்று எழுதுங்கள். பெயர் வினாயகமூர்த்தி. கதவு இரண்டும் உட்பக்கம் பூட்டியிருந்தன, பூட்டியவரும் அவரே. தட்டிய சத்தம் இரண்டு தரமும் கேட்டது. அதையும் எழுதுங்கள், இடம் போதாவிட்டால் மறுபக்கத்தில் எழுதலாம். உரிமையாளர் என்ற இடத்திலும் என் பெயரைத்தான் எழுத வேண்டும். அவளுடைய தங்கை ஒருத்தி கல்லாற்றில் இருக்கிறாள், வழக்கம் பேசிக்கொண்டு வருவாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேதம் என்று பார்த்தால் விறாந்தை ஓடு, முன் கதவு. முதிரை மரக் கதவு, பதினான்கு துளை. தரைக்குச் சேதமில்லை. கதவுக்கு அடியால் கொஞ்சம் உள்ளே வந்தது, அவ்வளவுதான். இரண்டு சாண் இருக்கும். ஈரம் காயாத பச்சைச் சீமெந்து அதை இழுத்துக்கொண்டது. நல்லரத்தினம் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இந்த இடத்தில சாயம் கொஞ்சம் கூடிப்போச்சு ஐயா, என்ட பிழைதான்," என்றான். நான் அவனைக் கண்டபடி ஏசினேன். வேலையில் கவனம் வேண்டும்.

எங்கே எழும்புகிறீர்கள்? கையெழுத்துக்கு மேசை தேடி மண்டபத்துக்குப் போக வேண்டாம், படிவத்தை இப்படித் தாருங்கள், முழங்காலில் வைத்தே போடுகிறேன். நானும் குசினியால்தான் போய்வருகிறேன், இன்னும் ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடியத் தண்ணீர் கட்டுகிறேன். நாலு மாதமாகிறது என்று எனக்கும் கணக்குத் தெரியும், தம்பி. கதவடியில் அந்த இரண்டு சாண் இடம் மட்டும் இன்னும் காயவில்லை.