பச்சைப் பாயசமும் பாண்டியம்மாள் பெயரும்

அரியணை போன்ற அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைவர் ஆயர் ஐயா அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மூப்பர் பாண்டியராஜ் அண்ணன் அவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஓட்டி இடுப்பொடிந்து வந்திருக்கும் அன்புத் தம்பிமாரே! ஒன்பதாம் வகுப்பின் வாசலோடு திரும்பிவிட்ட இந்த ஏலக்காய் ஸ்டோர் ஞானராஜின் பணிவான தோத்திரங்கள்!

'அன்றாட வாழ்வில் விசுவாசம்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அன்றாடம் என்றால் ஏழு நாள். என் விசுவாசமோ வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதிலும் பிரசங்கத்தின்போது கண் அயர்ந்துவிடும். யார் அங்கே சிரிப்பது? மாப்ளே, உன் குறட்டையில்தானே நான் விழிப்பதே!

அறுப்பின் பண்டிகை நினைவிருக்கிறதா? விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து படைத்தோம். தேவாரம் ஊர்ச் சொந்தங்கள் யானை மிதித்ததுபோக மிஞ்சிய வாழைத்தாரைச் சுமந்து வந்தார்கள். நான் என்ன கொண்டுவந்தேன்? மரகத மணிகளாய் மின்னும் ஏலக்காய்! 'ஆகா' என்றது சபை. மண் தந்த பச்சையா அது? மழை தந்த பச்சையா? இல்லை ஐயா, டப்பா தந்த பச்சை!

வெளிறிப்போன சரக்கு. கழிக்க மனமில்லை. என் ஸ்டோரில் பதினோரு வருடமாய்க் காய் தரம் பிரிக்கும் பாண்டியம்மாளிடம் பச்சைச் சாயத்தை நீட்டினேன்.

"யாருக்குண்ணே இது? யாவாரிக்கா?"

"இல்ல ஆத்தா, கோயிலுக்கு."

"கோயிலுக்கா! எங்க சாமிக்கு இப்பிடிச் செஞ்சா கண்ணக் குத்திரும்ணே. வேணாம்."

"எங்க சாமி மன்னிச்சிரும். நீ வெரசாக் கலக்கு."

பார்த்தீர்களா என் வேத ஞானத்தை? மன்னிப்பை முன்பதிவு செய்துவைத்த மகான் நான்!

அந்தக் காயைத்தான் அன்று சபையே கூடி உண்ட அசன விருந்தின் பாயசத்தில் தட்டிப் போட்டார்கள். பால் பச்சையானது. பந்தி பச்சையானது. ஆசீர்வாதம் கூற வாய் திறந்தார் ஆயர். மன்னியுங்கள் ஐயா, உங்கள் நாக்கும் கிளிப்பச்சையானது! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிக்க வேண்டிய இடம் இதோடு முடிந்தது.

"சாயம் போட்டது யாருப்பா?" என்று மூப்பர் கேட்டார். என் நாக்கு கொஞ்சமும் குளறவில்லை.

"வேலைக்காரம்மா செஞ்ச தப்புண்ணே. நாளைக்கே நிப்பாட்டிர்றேன்."

நிறுத்தினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? என் தோளைத் தட்டினீர்கள். "பாவம், ஏமாந்துட்டாரு" என்றீர்கள். எனக்காக ஜெபித்தீர்கள்! நானும் உருக்கமாய் ஆமென் சொன்னேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யார்? கையை உயர்த்துங்கள். ஒரு கைகூட இல்லை. நல்ல சபை, நல்ல ஒற்றுமை!

ஒரு மாதமாய் எந்த ஸ்டோரிலும் அவருக்குச் சோலி இல்லை. 'சாயக்காரி' என்கிறார்கள். மூட்டுவலியோடு ஜீப்பில் தொற்றி மலையேறிக் காய் பறிக்கிறார்.

இந்தப் பேச்சை நான் எழுதும்போது என் மகள் முத்துப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"இதுல பாண்டியம்மா அத்தை வருவாங்களாப்பா?"

"அது வேற விசயம்மா."

"அப்ப விசுவாசம் வேற விசயமாப்பா?"

பெற்ற பிள்ளை பிரசங்கியாவது எவ்வளவு பெரிய தொல்லை தெரியுமா? நேற்று பாண்டியம்மாளைத் தேடி ஜீப்பு நிற்கும் இடத்துக்கே போனேன்.

"தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. வேலைக்கு வந்துரு."

"ஊரக் கூட்டி எம் பேரக் கெடுத்துட்டு, காதோரமா வந்து மன்னிப்புக் கேக்குறீகளா? மொதல்ல ஊருக்குச் சொல்லுங்க. வர்றதா வேணாமான்னு அப்பறம் நான் சொல்றேன்."

ஆகவே, சபையோரே! சாயம் வாங்கியவன் நான். கலக்கச் சொன்னவன் நான். வேண்டாம் என்றவர் பாண்டியம்மாள். பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்யில் உங்கள் ஜெபத்தையும் சம்பாதித்தவன் நான். என்ன மூப்பர் அண்ணே, சபை மானம் போய்விடுமா? போகட்டும்! ஒரு பெண்ணின் மானத்தைக் கொடுத்து வாங்கியதுதானே அது? நாளைக் காலை ஒவ்வொரு ஸ்டோராக ஏறி இதையே சொல்லப்போகிறேன். அன்று எனக்காக ஜெபித்தவர்கள் என்னோடு வரலாம்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மைக் செட் அண்ணனுக்குத் தனி நன்றி; நான் கேட்டபடியே ஒலிபெருக்கியைப் பாண்டியம்மாளின் தெருப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

பாண்டியம்மாள் அவர்களே, ஊருக்குச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்ல வேண்டியது. வணக்கம்.