கிரிவலம் வந்த படகு

கோயில் வரிசையில் எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். அந்த அம்மாளின் முதல் வாக்கியத்திலேயே என் பக்தி கலைந்துவிட்டது.

"மலையைச் சுத்தின படகு உலகத்துலயே உங்களுதுதாங்க."

"டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. அப்படியே ஒரு சுத்து இழுத்துட்டு வந்தேன். தப்பா?"

"இன்னும் கடல் தண்ணியே படல. அதுக்குள்ள கொச்சியில எறக்கி லட்சத்தீவு வரைக்கும் பிளான்."

"பெட்ரோல், அரிசி, தண்ணி கேன் எல்லாம் யோசிச்சு எழுதியிருக்கேன்டி."

"நோட்டைப் பாத்தேன். லைஃப் ஜாக்கெட் ரெண்டு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு?"

"சேகருக்கு."

"உங்க சினேகிதன் கெணத்தை எட்டிப் பாத்தாலே மயக்கம் போட்டு விழுவாரு. நான் கீழ்பென்னாத்தூர் கெணத்துல நீஞ்சி வளந்தவ. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சின்னப் படகு. நீயும் ஏறினா வெயிட் ஜாஸ்தி ஆயிடும்னு..."

பின்னால் நின்ற நான் என் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சன்னிதி வந்ததும் அந்த அம்மாள் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். "பேரு, நட்சத்திரம்?"

"செல்வி, ரோகிணி. கடல் பயணம் நல்லபடியா முடியணும் சாமி."

"சாருக்கு?"

"அவரு வரல சாமி. படகுல வெயிட் ஜாஸ்தி ஆயிடும்."