தொங்கும் கூடைக்கு இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்த ஆர்டிஸ் ஹாப்பலா அவர்களுக்கு

மினசோட்டாவின் ஹால்வர்சன் கவுண்டிப் பாலங்கள் ஆய்வுப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும் எங்கள் அருமைச் சகாவே! கூட்டக் குறிப்புகளின் கோமகளே! காபிக் குடுவை ஒருநாளும் காலியாகாமல் காத்த கருணைக் கடலே! பிறர் விடைவிழாவுக்கெல்லாம் கேக் வாங்கி வந்த பெருந்தகையே!

பொறுத்தருள்க. பொறியாளர் ஒருவரை இப்படியா விளிப்பது என்று உங்கள் புருவம் உயர்வது தெரிகிறது. வேறு விளி எங்களிடம் இல்லாமற்போன கதையைத்தான் இம்மடல் சொல்ல வந்திருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை காலை, எங்கள் பிரிவுத் தலைவர் டுவைன் ரூகெல் வழக்கம்போல வெள்ளைப் பலகையில் வாரப் பணிகளை எழுதினார். பாலத்துக்கு ஆள், கூடை வண்டிக்கு ஆள் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் "வியாழன் விடைவிழா: கேக், பாராட்டு மடல் – ஆர்டிஸ்" என்று எழுதி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அது தவறாகவே படவில்லை என்பதுதான் காரணம். நீங்கள் எழுந்தீர்கள், உங்கள் பெயரை அடித்தீர்கள், "டுவைன்" என்று எழுதினீர்கள்.

"எனக்கு நானே மடல் எழுதிக்கணுமா, டுவைன்? எழுதிடுவேன். ஆனா உண்மையை எழுதிடுவேன், பரவால்லயா?"

டுவைன் அவர்களின் காது சிவந்ததை முதன்முறையாகக் கண்டோம்.

பின்னர் நாங்கள் அலமாரியைக் குடைந்தோம். இதுவரை ஓய்வுபெற்ற பத்தொன்பது ஆடவர்களுக்கு வாசிக்கப்பட்ட பத்தொன்பது மடல்களும் அங்கிருந்தன. பத்தொன்பதும் உங்கள் கையெழுத்து. ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று, எங்கள் குலவழக்கப்படி, முடிவு செய்தோம். "பனிப்புயலிலும் பதறாமல் பாலத்தின் அடிவயிற்றில் தொங்கிய பாறைநெஞ்சரே" என்று முதல் மடல் தொடங்கியது. பொருந்தவில்லை; இருபத்தேழு ஆண்டுகள் உங்களை நாங்கள் தொங்கவிட்டதில்லை. "இளையோர் எழுவரைத் தலைமை ஆய்வாளராக்கிய ஏந்தலே" என்றது அடுத்தது. உங்களையே ஆக்கவில்லை. பத்தொன்பது மடல்களையும் புரட்டிப் பார்த்தாயிற்று. உங்களைப் புகழ உதவக்கூடிய வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குரிய வேலைகளை மட்டும் நாங்கள் உங்களுக்குத் தராமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாலத்துக்கு அடியில் ஆளை இறக்கும் அந்தக் கூடையில் ஐந்தாண்டு நின்றவரே தலைமை ஆய்வாளர் ஆகலாம் என்பது விதி. உங்களோடு ஒரே வாரத்தில் சேர்ந்த டுவைன் ஐந்தாண்டில் ஆனார். நீங்கள் முதற்குளிர்காலத்திலேயே கூடையைக் கேட்டீர்கள்.

"உனக்கு எதுக்கும்மா இந்தக் குளிரு? உள்ள உக்காந்து குறிப்பு எடு. உன் கையெழுத்து எவனுக்கு வரும்?" என்றார் அன்றைய தலைவர்.

"நாலு வயசுல இருந்து இந்த ஊரு உறைஞ்ச ஏரியில பனியைத் துளைச்சு மீன் புடிச்சவ நான். குளிரைப் பத்தி எனக்கே பாடமா?" என்றீர்கள்.

எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். சிரித்துவிட்டுக் கூடையை வேறொருவருக்குக் கொடுத்தோம். நல்ல கையெழுத்து உடையவர் நீங்கள் என்பதில் எங்களுக்குள் ஒருபோதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

பத்தாம் ஆண்டில் முறையிட்டீர்கள். பயன் விளைந்தது! ஆண் பெண் சமத்துவம் பற்றி அரைநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. அவ்வகுப்புக்கு நாற்காலி போட்டதும், காபி போட்டதும், வருகைப்பதிவு எடுத்ததும் நீங்கள்தாம்.

ஆயினும், குறிப்பு எடுக்கச் சொன்னவர்கள் ஒன்றை மறந்தார்கள்: குறிப்பு எடுப்பவர் எல்லாவற்றையும் எடுப்பார். எந்தத் திங்களன்று யாருக்குக் கூடை, யாருக்குக் காபி, நீங்கள் கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன என்று வாரம் தவறாமல் எழுதினீர்கள். தலைவர்கள் படிக்காமலே கையொப்பமிட்டார்கள். இருபத்தேழு ஆண்டுக் குறிப்பேடுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி இரண்டாம் முறையீட்டோடு விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தபோது, மறுக்க ஒருவராலும் முடியவில்லை. எல்லாம் எங்கள் கையொப்பம். அன்றுமுதல் கூடையும் குறிப்பும் காபியும் எல்லோருக்கும் முறைவைத்து வரும் சுழற்சிமுறை வந்தது. பலகையில் எழுதும் வரிசையை இனி எவர் விருப்பமும் தீர்மானிக்காது என்றார்கள். கேக்கும் பாராட்டு மடலும் மட்டும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

அறுபதாம் வயதில் கூடையில் ஏறினீர்கள். முதல்நாள் கீழிறங்கியபோது உங்கள் முகத்தில் நாங்கள் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. "இவ்வளவுதானா? இதுக்கா என்னை இத்தனை வருஷம் உள்ள வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, அறிக்கை எழுதப் போய்விட்டீர்கள்.

நான்கு ஆண்டு நான்கு மாதம் நின்றீர்கள். பிறகு முழங்கால்கள் மறுத்துவிட்டன; மருத்துவர் தடுத்துவிட்டார். எட்டு மாதம் குறைகிறது. விதியைத் தளர்த்துமாறு எழுதிக் கேட்டோம். விதி அனைவருக்கும் பொது என்று பதில் வந்தது. அந்தப் பொதுமை இவ்வளவு காலம் எங்கே போயிருந்ததோ, யாம் அறியோம்.

இன்னொரு செய்தியும் நீங்கள் அறிய வேண்டும். நேற்றுக் காலைக் கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. குறிப்பேடு மேசையில் கிடந்தது. பதினொரு ஆடவர் தலைகளும், எவரும் சொல்லாமலே, போன ஆண்டு சேர்ந்த கெய்லா ஓவர்பி பக்கம் திரும்பின.

"என்னை ஏன் பாக்கறீங்க? சுழற்சியில இன்னைக்கு டுவைன் பேரு. நான் ஒன்பதாம் பாலத்துக்குக் கிளம்பறேன்" என்று தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். டுவைன் பேனா தேடினார். குறிப்பேடு திறந்தபடியே கிடந்தது. மாலைவரை ஒரு வரியும் ஏறவில்லை.

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! முழங்கால் வலி தணிந்து, ஏரி உறையும் நாள்களில் பனியைத் துளைத்து, எவருக்கும் காபி போடாமல், உங்களுக்குப் பிடித்த மீனைப் பிடித்து இனிதே வாழ்க! இம்மடலில் குறைகள் மலிந்திருக்கும். பழக்கமில்லாத வேலை; உங்களுக்கே தொடர்ந்து தந்துவிட்டதால் நாங்கள் அதைக் கற்கவில்லை.

இம்மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டத்துக்குள் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். அச்சகத்தார் மறந்ததில்லை. தலைமை ஆய்வாளர் என்று அங்கே வந்திருக்க வேண்டும். அதை வரவிடாதவர்கள் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.

டுவைன் ரூகெல்,
மற்றும் பிரிவின் ஆடவர் பதின்மர்

(கெய்லா ஓவர்பி கையொப்பமிட மறுத்துவிட்டார். "நான் எதையும் தடுக்கலயே" என்றார். சரிதான் என்று விட்டுவிட்டோம்.)