யார் வைத்த மருந்து

"சோத்துல மருந்து வச்சு ஒங்கள மயக்கி நான் என்னத்தக் கண்டேன்?"

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் பேருந்தில், முன்சீட்டுப் பெண் தன் மெலிந்த கணவரிடம் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? ஜீன் குடுக்குற செய்திய ஒங்க குடல் தப்புத்தப்பா வெட்டி ஒட்டுது, அதனாலயும் புண்ணு ஆறலன்னாரு. ஜீன் ஒங்க ஆத்தா அப்பா குடுத்தது. வெட்டி ஒட்டுறது ஒங்க குடல். ஒங்க ஆத்தா போடுற பழி மட்டும் என் கொழம்புக்கு."

"அது சொல்றதக் கேக்கலன்னா ஆத்தா சங்கடப்படும். மாத்திரைய நிறுத்திட்டு, வயித்துல வச்ச மருந்த எடுக்குறவர்ட்ட ஒருதடவ போய்ட்டு வருவோம்."

"தாராளமா போவோம். ஒங்க வயித்துலேருந்து வந்துச்சுன்னு ஒரு முடி உருண்டையக் காட்டுவாரு. நல்லாப் பாருங்க. நரைச்ச முடியா இருந்தா, யாரு வச்சதுன்னு ஒங்க ஆத்தாகிட்டயே கேளுங்க."