பட்டாணிக் கொடிக்கு ஒரு ஏணி

இந்த எலுமிச்சைக் கேக்கை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள், தம்பி. இதோ மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை வாங்கிக்கொள்வதுதானே நம் ஊர் மரியாதை; இப்போது கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மின்னசோட்டாவில் பிறந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் முதல் தடவையே கையை நீட்டிவிடுவார்கள். காவல் நிலையத்துக்குக் கேக்கோடு வருவாளா ஒருத்தி என்று உங்கள் அதிகாரி சிரித்தார். வெறுங்கையோடு ஓர் இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

ஹார்லனுக்கும் இந்தக் கேக் பிடிக்கும். என் கணவர் மைலோவின் அண்ணன் அவர். மனைவி விரட்டிவிட்டதும், "பனி உருகுற வரைக்கும்தான்" என்று அக்கார்டியன் வாத்தியமும் கையுமாக, வீட்டுக்கு அடியில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் எங்கள் பேஸ்மென்டில் வந்து இறங்கினார். பதினொரு முறை பனி உருகியது. நடுவில் மைலோ போய்ச் சேர்ந்தார். ஹார்லன் மட்டும் அசையவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு போல்கா நடன மெட்டு வாசிப்பார், அதுவும் பாதிதான். மீதிப் பாதி அவருக்கு மறந்துபோயிருந்தது. கிளம்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். முகத்துக்கு நேராகவா? என்னை அப்படி வளர்க்கவில்லை.

போன வருஷம் கொதிகலனைப் பார்க்க வந்த நகராட்சி ஆய்வாளர் கீழே கட்டிலைப் பார்த்துவிட்டார்.

"இங்க ஆள் தூங்கக் கூடாதுங்க. தீப்பிடிச்சா வெளிய வர ஜன்னல் இல்ல. சட்டப்படி இது பெட்ரூமே கெடையாது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் சொல்ல முடியாததைச் சட்டம் சொல்லிவிட்டதே. அன்றைக்கு இறைச்சியும் உருளைக்கிழங்குமாக ஹாட்டிஷ் செய்து, மேலே பாலாடைக்கட்டியை அள்ளிப் போட்டேன். நான் மூன்றாவது முறை கேட்டபின் ஹார்லன் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"நீ கவலைப்படாத வெர்னா. ஜன்னல நானே வெச்சுடறேன். உனக்கு எதுக்குச் சிரமம்?"

மூன்று வாரம் கான்கிரீட் சுவரை அறுத்தார். என் காபிக் கோப்பையில்கூடத் தூசி. வெளியே ஜன்னல் திறக்க ஒரு குழி வெட்டி, சுற்றிலும் நெளித்தகடு நட்டு, ஏறி வர ஓர் இரும்பு ஏணி மாட்டினார். அவர் குள்ளமான மனிதர். குழி அவர் உயரத்தைவிட ஒரு சாண் அதிகம். ஆய்வாளர் ஜன்னலைத் திறந்து, மூடி, ஏணியில் ஏறிப் பார்த்து, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார்.

"இனிமே சாகற வரைக்கும் நான் இங்கயே இருக்கலாம், வெர்னா" என்றார் ஹார்லன். நானும் கைதட்டினேன். அவர் வாக்கு பலிக்கட்டுமே என்று மனதார நினைத்தேன்.

இந்த வசந்தத்தில் ஏணியைக் கழற்றித் தோட்டத்தில் பட்டாணிக் கொடிக்கு நட்டுவைத்தேன். ஹார்லன் பார்த்தார்.

"அடடே, கொடி என்னைவிட வேகமா ஏறுதே!"

"வேணும்னா எடுத்துக்கோங்க, ஹார்லன்."

"சேச்சே, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

போன ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டுக் கீழே தூங்கப் போனார். ஜூன் மாதத்திலும் பேஸ்மென்ட் குளிரும், பாவம். அங்கிருந்து மேலே வரும் ஒரே படிக்கட்டின் வாசலில் நான் தைத்துத் தொங்கவிட்ட திரைச்சீலை. அதன் மேல் படும்படி ஹீட்டரை நகர்த்தி வைத்தது நான்தான். புகை வந்தால் அலறும் மணியின் பேட்டரியைக் காலையிலேயே எடுத்து ரேடியோவில் போட்டிருந்தேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பட்டாணி பறிக்கப் போனேன். நல்ல வெயில்.

ஜன்னல் அருமையாகத் திறந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. முதலில் அக்கார்டியன் வந்தது, பின்னால் ஹார்லன். குழிக்குள் நின்று, தகட்டைப் பிடித்துக்கொண்டு, புகைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தார். மூட்டுவலிக்காரர். இருமல் வேறு.

"ஏணிய எடுத்துட்டு வரட்டுமா, ஹார்லன்?"

"வேணாம் வேணாம்... கொடி அறுந்துடும்."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. எடுத்துட்டு வரவா?"

"உனக்கு எதுக்கும்மா தொந்தரவு... நான் சமாளிச்சுக்கறேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்த முகம். நான் அடுத்து என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். அவர் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும்.

அதனால்தான் மூன்றாவது முறை கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பட்டாணியைப் பறித்து முடித்தேன்.

இன்னொரு துண்டு வைக்கட்டுமா, தம்பி? சரி, முதலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த மனிதரை நான் வீட்டைவிட்டுப் போகச் சொன்னதில்லை.